வாளும் வெண்ணீறும்

சிவாலயங்களின் திருச்சுற்றில் அறுபத்துமூன்று நாயன்மார் திருவுருவங்கள் வரிசையாக எழுந்தருளியிருத்தலை அன்பர்கள் நாள்தோறும் கண்டு வணங்கி வருகின்றனர். அவ்வரிசையிற் பெரும்பாலோர் கூப்பிய கையினர். ஒருசிலர் மட்டும் வாளோ வில்லோ பிற படைக்கலமோ உடன்கொண்டு காட்சி தருவர். அன்பே வடிவாகிய அடியார் திருக்கூட்டத்திற் கொலைக்கருவிக்கு இடம் எவ்வாறு அமைந்தது என இளைஞர் சிலர் வினவுதல் உண்டு. அவ்வினா கடிந்து ஒதுக்கத்தக்கதன்று. ஆராய்ந்து விடை கூறத்தக்கது. திருக்குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், அடியார் வரலாற்றைச் சிந்தித்தலினும் சிறந்த பணி பிறிதில்லை ஆதலின், அவ்வினாவையே இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டோம்.

வீரன் என்பான் யாவன்? களத்தில் வீழ்த்திய உயிர்களின் தொகையால் அவனை அளப்பதா? வென்ற நிலத்தின் பரப்பால் அளப்பதா? உலகில் பல நாட்டாரும் பல காலத்தும் இவ்வினாவை எழுப்பியுள்ளனர். வாளை ஓங்குதற்கு வலிமை போதும்; ஓங்கிய வாளை ஒருவன் எதன்பொருட்டுத் தாழ்த்துகின்றான் என்பதிலேதான் அவன் வீரத்தின் தன்மை விளங்கும் என்பது தெய்வச் சேக்கிழார் காட்டும் விடை. அதனை ஒருசிறிது விரித்து நோக்குவோம்.

இறைவன் வீரம்

சைவர்க்கு வீரம் புதிய சொல்லன்று. கண்டியூர், கோவலூர், அதிகை, பறியலூர், விற்குடி, வழுவூர், குறுக்கை, கடவூர் என்னும் எட்டுத் தலங்களும் அட்டவீரட்டம் எனப் போற்றப்பெறுவன. பிரமன் செருக்கைக் கண்டியூரிலும், அந்தகாசுரனைக் கோவலூரிலும், முப்புரத்தை அதிகையிலும், தக்கனைப் பறியலூரிலும், சலந்தரனை விற்குடியிலும், யானையை வழுவூரிலும், காமனைக் குறுக்கையிலும், கூற்றுவனைக் கடவூரிலும் பெருமான் அடக்கியருளினான் என்பது புராண மரபு.

இவ்வெட்டு வரலாறுகளையும் கூர்ந்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். முப்புரம் எரிந்தபொழுது அன்பு வழுவாத மூவர் உய்ந்தனர். அவருள் இருவர் திருவாயில் காப்பவராகவும், ஒருவர் திருநடனத்திற்கு முழவு முழக்குபவராகவும் ஏற்றுக்கொள்ளப்பெற்றனர் எனச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் தேவாரம் உணர்த்துகின்றது. காமன் இரதிக்கு மீண்டும் அளிக்கப்பெற்றான். கூற்றுவன் உயிர்பெற்றுத் தன் தொழிலுக்கு மீண்டான். தக்கனும் ஆட்டுத்தலையோடு எழுந்தான். தண்டித்த கையே எடுத்து அணைத்ததனை இவற்றிற் காண்கின்றோம். இதனையே சமய நூலோர் மறக்கருணை என வழங்கினர். சினம் போலத் தோன்றுவதும் அருளின் ஒரு கூறே என்பது இதன் கருத்து. அடியார்தம் வீரத்தை அளத்தற்கும் இதுவே அளவுகோல் ஆதல் வேண்டும்.

பண்டைத் தமிழர் மறம்

பண்டைத் தமிழர் போரை வாழ்வின் ஒரு கூறாகவே கொண்டனர். தொல்காப்பியர் புறத்திணையை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழாக வகுத்தார். ஆநிரை கவர்தலில் தொடங்கும் பூசல் படையெடுப்பாகவும் மதில் முற்றுகையாகவும் நேர்நின்று பொருதலாகவும் வளர்ந்து, வெற்றியில் முடிகின்றது. எனினும் வாகையை அடுத்தே காஞ்சியை வைத்த நுட்பம் கருதத்தக்கது. காஞ்சியாவது நிலையாமை. வெற்றிமாலை வாடுமுன்னரே நிலையாமையை நினைப்பித்தல் தமிழ்மரபு.

போரில் வீழ்ந்தாரை நம் முன்னோர் மறந்தாரில்லை. கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கொணர்தல், நீராட்டுதல், நடுதல், சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என ஆறு நிலைகளை நடுகல்லுக்குத் தொல்காப்பியம் கூறும். இவ்வாறனுள் நீராட்டும் சிறப்பும் வாழ்த்தும் திருக்கோயில் வழிபாட்டிலும் உள்ளமை அன்பர்கட்குத் தானே விளங்கும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப்பெற்றவை. அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் சொல்லே காணப்படுகின்றது. ஏட்டில் மட்டும் கண்ட இலக்கணச் சொல் கல்லிலும் காணப்பெற்றமை, சங்க நூல்கள் கூறும் மறவாழ்வு வெறுங்கற்பனையன்று என்பதற்குச் சான்றாயிற்று.

இம்மறத்திற்கு வரம்பும் இருந்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்று, அம்பு விடுதற்கு முன்னரே ஆவினம், பார்ப்பார், மகளிர், நோயாளர், மகப்பேறு வாயாதார் ஆகியோரை அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவிக்கும் அறத்தைக் கூறுகின்றது. ஆயினும் உண்மையை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. அதே புலவர் அதே வேந்தனைப் பாடிய மற்றொரு பாட்டில், பகைவர் நகரத்துத் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கிய செய்தியும் உள்ளது. அறம் வகுத்த வரம்பும் அதனை மீறிய சினமும் ஒருவனிடத்தே உறைந்தன. போர்க்கோலம் பூண்ட மனிதனின் இயல்பு இதுவே.

பிறநாட்டாரும் இவ்வரம்பினை நாடினர். பிரான்சு நாட்டுச் சாரூ என்னுமிடத்தில் கி.பி. 989-இல் கூடிய குருமார் பேரவை, கோயில்களைச் சூறையாடுவோரையும், எளிய உழவரின் கால்நடையைக் கவர்வோரையும், படை தாங்காத குருமாரைத் தாக்குவோரையும் சமய விலக்குக்கு உரியர் ஆக்கிற்று. 1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோப் போர்க்களத்திற் பேணுவாரின்றிக் கிடந்த காயமுற்றோரைக் கண்டு உருகிய ஆன்றி டூனான் என்பவரின் முயற்சியால் 1864-இல் ஜெனீவா உடன்படிக்கை தோன்றியது. எப்பக்கத்து வீரனாயினும் காயமுற்றவனைப் பேணுக என்பது அதன் சாரம். 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் குடிமக்களையும் அக்காப்பினுள் அடக்கின.

இவையெல்லாம் புறத்தே நின்று வாளைத் தடுக்கும் வேலிகள். வேலி வேண்டுவதே, அதனை எவரும் மறுக்கார். உள்ளத்தினின்றே வாளைத் தாழ்த்தும் ஆற்றல் ஒன்று உண்டு. திருவள்ளுவர் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில், பகைவனுக்கு ஓர் இடுக்கண் நேர்ந்துழி அவன்பாற் கண்ணோடுதலை ஊராண்மை எனப் பெயரிட்டு, அதுவே பேராண்மையின் கூர்மை என்று காட்டினார். படை முழுதும் இழந்து தமியனாய் நின்ற இலங்கை வேந்தனை இராமபிரான் போகவிட்டமையைப் பரிமேலழகர் அதற்கு எடுத்துக்காட்டினார். அக்கூர்மை திருத்தொண்டர் வரலாற்றில் எத்துணை உயரத்திற்குச் சென்றது என்பதனை இனிக் காண்போம்.

வாதாபியும் செங்காட்டங்குடியும்

ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டைக் கலக்கிய பெரும்பகை பல்லவர்க்கும் சாளுக்கியர்க்கும் இடையே மூண்டதாகும். நருமதைக் கரையில் ஹர்ஷவர்த்தனரையே தடுத்து நிறுத்திய இரண்டாம் புலிகேசி, காஞ்சிபுரத்து மதில்வரை வந்து மகேந்திரவர்மனை நெருக்கினான். அவன் வெற்றிகளை இரவிகீர்த்தி பாடிய ஐகொளெக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. அதன் காலம் கி.பி. 634-35.

அந்நாளில் பாரதம் போந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், புலிகேசி நாட்டு வீரரைப் பற்றி எழுதிய குறிப்பு நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. அந்நாட்டார் பழிவாங்கப் புகுமுன் பகைவனுக்கு அறிவித்துவிட்டே புகுவர். புறங்காட்டி ஓடுவோரைத் துரத்துவர். அடைக்கலம் புகுந்தாரைக் கொல்லார். போரில் தோற்ற படைத்தலைவனுக்கு வேறு தண்டனை இல்லை. பெண்டிர் உடையை அவனுக்குக் கொடுப்பர். அவ்விழிவு பொறாது அவன் தன்னுயிரை மாய்த்துக் கொள்வான். களம் புகுமுன் வீரரும் மதுவுண்பர். யானைகளுக்கும் மது ஊட்டுவர். அந்நாட்டு வீரர்க்கும் வரம்பு உண்டு என்பதனையும், அவர்தம் வீரத்திற்கு நாணமும் வெறியும் துணை நின்றன என்பதனையும் இக்குறிப்பால் அறிகின்றோம்.

இத்தகைய படையை மணிமங்கலம் முதலிய களங்களில் முறியடித்த முதலாம் நரசிம்மவர்மன், கி.பி. 642-இல் வாதாபி நகரையே கைப்பற்றினான். கருநாடக மாநிலத்துப் பாதாமி என இன்று வழங்கும் அவ்வூரின் பாறையில் அவன் கல்வெட்டுச் சிதைந்த நிலையில் உள்ளது. 'வாதாபி கொண்டான்' என்பது அவன் பெற்ற புகழ்ப்பெயர். புறங்காட்டிய புலிகேசியின் முதுகையே பலகையாகக் கொண்டு வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்று கூரம் செப்பேடு அவனைப் புகழ்கின்றது. அரசர் தம் வெற்றியை நினைவிற் கொண்ட முறை அது.

அதே வெற்றியைச் சேக்கிழார் நினைவிற் கொண்ட முறையோ முற்றும் வேறு. செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் தோன்றிய பரஞ்சோதியார் மருத்துவ நூலும் வடநூற்கலையும் படைக்கலப் பயிற்சியும் யானையேற்றம் குதிரையேற்றமும் நிரம்பியவர், சிவனடியே சிந்திப்பவர். அவர் மன்னன் பொருட்டுப் படையெடுத்துச் சென்று வாதாபியை அழித்து, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கொணர்ந்ததனை ஆசிரியர் ஒரே பாட்டில் முடித்துவிட்டார். கருத்து முழுவதையும் அதன்பின் நிகழ்ந்ததன்மேல் வைத்தார்.

அவருடைய ஆற்றலை வியந்த வேந்தனிடம் அமைச்சர், "இவர் சிவபெருமான் திருத்தொண்டர், ஆதலால் இவர்க்கு எதிர்நிற்பார் இல்லை" என்று உரைத்தனர். கேட்ட வேந்தன் மகிழ்ந்தானல்லன்; நடுங்கினான். அடியார் எனத் தெரியாமல் கொடும்போர் முனைக்கு அனுப்பினேனே என வருந்தி, தன் பிழையைப் பொறுத்தருள வேண்டும் எனத் தன் படைத்தலைவரையே இறைஞ்சினான். அவரோ தமக்குரிய தொழிலையே தாம் செய்ததாகவும், அதனால் வந்த தீங்கு ஒன்றுமில்லை என்றும் மறுமொழி கூறினார். மன்னன் அவருக்கு நிதி பல வழங்கி, இனித் தடையின்றித் திருத்தொண்டே புரிக என விடையளித்தான்.

இவ்வுரையாடலில் இருவர்தம் பெருமையும் விளங்குகின்றது. வென்ற வேந்தன் வெற்றிக் களிப்பிடையே மன்னிப்பு வேண்டினான். அடியாரோ தம் தொழிலை இழித்துரைக்கவும் இல்லை. அதனைச் சொல்லிப் பெருமை கொள்ளவும் இல்லை. கடமையைக் கடமையாகச் செய்து முடித்து, விடைகிடைத்தவுடன் ஊர் மீண்டார். யானைப்படையை நடத்திய அப்பெருமகனார், அடியார்க்கு அமுதூட்டியபின்னரே தாம் உண்ணும் விரதம் பூண்டு, அவர்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகியமையாற் சிறுத்தொண்டர் எனப்பெற்றார். திருஞானசம்பந்த சுவாமிகள் செங்காட்டங்குடிக்கு எழுந்தருளி அவர்தம் பெயரைத் தம் பதிகத்துள் வைத்துப் பாடியருளினார். வாதாபிப் போரின் ஆண்டினைக் கொண்டே சம்பந்தர் காலத்தை வெங்கையா முதலிய கல்வெட்டறிஞர் ஏழாம் நூற்றாண்டு எனத் துணிந்தனர். கணபதீச்சரத்துக் கணபதியை வாதாபியினின்று அவரே கொணர்ந்தார் என்பது செவிவழி வழக்கு. பெரியபுராணம் அதனைக் கூறவில்லை.

ஏனாதிநாதரும் மெய்ப்பொருளாரும்

ஏனாதி என்பது பண்டை வேந்தர் படைத்தலைவர்க்கு மோதிரத்துடன் அளித்த பட்டம். எயினனூர் ஏனாதிநாதர் வாட்படை பயிற்றும் ஆசிரியர். அதனால் வந்த பொருளை அடியார்க்கு ஆக்கியவர். அத்தொழிலில் அவரோடு மாறுபட்ட அதிசூரன் படைதிரட்டி வந்து தோற்றான். பின்னர், இருபக்கத்துச் சுற்றத்தாரும் மடியாதவாறு நாம் இருவர் மட்டும் வேறிடத்திற் பொருவோம் என அழைத்தான். நாயனாரும் இசைந்தார்.

திருநீறணியும் வழக்கமில்லாத அதிசூரன் அன்று நெற்றி நிறையப் பூசிக் கேடயத்தால் மறைத்து வந்தான். நாயனாரின் வாள் தன்மேல் வீழும் நிலை வந்தபொழுது கேடயத்தை விலக்கினான். வெண்ணீறு விளங்கிற்று. "இவர் அடியாராயினார், இவர் குறிப்பு முடிவதாகுக" என நாயனார் துணிந்தார். வாளையும் கேடயத்தையும் எறிந்துவிட நினைத்தார். அடுத்த நொடியில் மற்றொரு நினைவு எழுந்தது. படையில்லாதவரைக் கொன்றார் என்னும் பழி அவரைச் சாருமே! அப்பழியும் சாராதிருத்தல் வேண்டும் என எண்ணி, படைக்கலத்தை விடாது, பொருவார் போலவே நேர்நின்றார். அவன் தன் கருத்தை முடித்தான். நாயனார் இறைவன் திருவடி சேர்ந்தார்.

அன்பர்கள் இவ்விடத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும். வாளைக் கீழே போடுதல் தியாகம் என்பதில் ஐயமில்லை. தன்னைக் கொல்வானுக்குப் பழி வாராமைப் பொருட்டு வாளை ஏந்தியே நிற்றல் அதனினும் அரியது. கொல்லும் கருவியாகிய வாள் அவர் கையில், கொல்வானைப் பழியினின்று காக்கும் கருவியாயிற்று. வாளேந்திய நாயன்மார் திருவுருவம் ஏன் என்னும் வினாவிற்கு இதனினும் சிறந்த விடை வேண்டா.

மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட திருக்கோவலூர், இறைவன் அந்தகனை வென்ற வீரட்டமே என்பது நினைவுகூரத்தக்கது. அவரைக் களத்தில் வெல்லமாட்டாது பன்முறை தோற்ற முத்தநாதன், சிவவேடம் புனைந்து, புத்தகக் கவளிகையுள் கருவி மறைத்து வந்து, அரசர் தனித்திருந்து வணங்கிய பொழுது தன் தீய கருத்தை நிறைவேற்றினான். மெய்காவலனாகிய தத்தன் வாளை ஓங்கினான். சாயும் நிலையிலும் அரசர் அவனைத் தடுத்து, வந்தவர் நம்மைச் சார்ந்தவர் என உணர்த்தி, இடையூறின்றி அவரை நகரெல்லை கடத்தி விட்டுவருக எனப் பணித்தார். செய்தியறிந்து சினந்து சூழ்ந்த குடிமக்களுக்கு அரசர் ஆணையைக் கூறி விலக்கி, தத்தன் அப்பணியை முடித்து மீண்டான். அச்சொல்லைக் கேட்கும் அளவும் அரசர் உயிர் தாங்கியிருந்தார்.

இவ்விரு வரலாறுகளையும் கேட்பார், "வேடத்தைக் கண்டு வாள் தாழ்த்தினால் வஞ்சகர்க்கு வழி திறந்ததாகாதா? நாட்டைக் காப்பவர் யார்?" எனத் தடை நிகழ்த்துவர். இத்தடை வலியுடையதே. ஆயினும் ஒன்று கருதுக. ஏனாதிநாதர் தம் மாணவரையும் சுற்றத்தாரையும் ஆயுதம் துறக்கச் சொன்னாரல்லர். மெய்ப்பொருளார் படையைக் கலைத்தாரல்லர். போர் என்று வந்தபொழுதெல்லாம் பகைவனை வென்று குடிகளைக் காத்தவர் அவர். இருவரும் தம் உயிர் ஒன்றனையே கொடுத்தனர். பிறர் உயிரைப் பணயமாக வைத்தாரில்லை. குடிகளைக் காக்க வாள் எடுத்தல் அரசர் கடன். தம் கொள்கையைக் காக்கத் தம்மையே கொடுத்தல் அடியார் கடன். இவ்விரண்டனையும் ஒன்றோடொன்று மயங்காது ஒருவரே தாங்கியமை இவர்தம் அருமை. தத்தனுடைய வீரமும் சிறிதன்று. ஓங்கிய வாளை உறையிலிட்டு, தன் தலைவனைக் குத்தியவனுக்கே காவலாய் நடந்துசெல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

வென்றார் வருந்திய வரலாறு

தோற்றவன் வருந்துதல் இயல்பு. வென்றவன் வருந்துதல் அரிது. உறையூர்ப் புகழ்ச்சோழ நாயனார் கருவூரில் அரசு வீற்றிருந்த காலத்து, திறை செலுத்தாத அதிகன்மேற் படை சென்று வென்று, பகைவர் தலைகளைக் கொணர்ந்து குவித்தது. அவற்றினிடையே சடையுடைய தலை ஒன்றினை அரசர் கண்டார். சிவனடியார் ஒருவர் தம் ஆட்சியில் தம் படையால் மடிந்தார் என்று நடுங்கினார். படைத்தலைவர்மேற் பழி சுமத்தவில்லை. தெரியாது நிகழ்ந்தது என்று தம்மைத் தேற்றிக் கொள்ளவும் இல்லை. மைந்தனுக்கு முடிசூட்ட ஆணையிட்டு, அச்சடைத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தம் முடிமேற் கொண்டு தீப்புகுந்தார்.

கலிங்கப் போரை முடித்த அசோகச் சக்கரவர்த்தியின் வரலாறு இதனோடு வைத்து நோக்கத்தக்கது. ஏறத்தாழக் கி.மு. 261-இல் நிகழ்ந்த அப்போரில் ஒரு நூறாயிரவர் மாண்டனர், ஒன்றரை நூறாயிரவர் நாடு கடத்தப்பெற்றனர் எனத் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டிலே அவரே பொறித்து வருந்தினார். வென்ற வேந்தர் ஒருவர் தாம் விளைத்த துன்பத்தைத் தொகையிட்டுக் கல்லில் எழுதிவைத்தது வரலாற்றில் மிக அரிய செயல். ஆயினும் கலிங்கத்தை அவர் திருப்பி அளித்தாரல்லர்; கலிங்க நாட்டுத் தவுளி, சௌகடப் பாறைகளில் அந்தக் கல்வெட்டு இடம்பெறவும் இல்லை. வருத்தமும் ஆட்சியும் அவரிடத்து உடனிருந்தன. அதனால் அவர் பெருமை குன்றாது; ஒரு தலைக்காக முடியையே துறந்த சோழர் பெருமான் செயலின் அருமை மேலும் விளங்கும்.

சப்பான் நாட்டில் குமகாய் நாவோசானே என்னும் படைவீரர், 1184-இல் இச்சிநோதானிக் கடற்கரைப் போரில் அட்சுமோரி என்னும் இளைஞனை வீழ்த்தினார். அவன் தன் மகன் வயதினன் என்பதைக் கண்டு விட்டுவிட விரும்பினார் என்றும், பின்னே தம் படையினர் நெருங்கி வந்தமையாற் கண்ணீரோடு கொன்றார் என்றும், மாண்டவன் இடையில் ஒரு குழல் இருந்தது என்றும் அந்நாட்டு வீரகாவியமாகிய எயிக்கே கதை கூறும். பின்னாளில் அவர் ஹோனென் என்னும் பௌத்தப் பெரியாரை அடைந்து துறவு பூண்டார். இசுபானிய வீரர் இலொயோலா இஞ்ஞாசியார் 1521-இல் பம்ப்லோனா முற்றுகையிற் பீரங்கிக் குண்டாற் கால் முறிந்து கிடந்த நாளில் மனம் திரும்பி, 1522-இல் மொன்செராத்து மலைக்கோயிலில் தம் வாளையும் குத்துவாளையும் காணிக்கையாக வைத்து நீங்கினார். அவர் தோற்றுவித்த சபையின் வழிவந்தவரே நம் தமிழுக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவர். நாடும் மொழியும் சமயமும் வேறாயினும், வீரன் நெஞ்சில் ஓர் ஈரம் பிறக்கும் கணம் எங்கும் ஒன்றாகவே உள்ளது.

படையூதியமும் திருப்பணியும்

வீரர் பெற்ற பொருள் எவ்வழிச் சென்றது என்பதும் நோக்கற்பாலது. திருநீடூர் முனையடுவார் நாயனார், போரில் தோற்று வந்து வேண்டியவர்களுக்காகச் சென்று பொருது வென்று, கூலியாகப் பெற்ற பொன் முழுவதையும் அடியார் அமுதிற்கே ஆக்கினார். வலியாரைச் சார்ந்து வாழ்தல் எளிது. அவர் தோற்றார் பக்கமே நின்றார் என்பது கருதுக. நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார் சோழர் படைத்தலைவராய்ப் பெற்ற ஊதியத்தை, இறைவன் திருவமுதிற்கு நெல் வாங்கிக் குவித்தலிலேயே செலவிட்டார். பின்னர்ப் பஞ்ச காலத்தில் அந்நெல்லை உண்ட சுற்றத்தார்க்கு நேர்ந்தது கடுமையானது; கோயிற் பொருளைக் கையாள்வோர் அஞ்சி நடத்தற்கு அவ்வரலாறு என்றும் எச்சரிக்கையாய் நிற்கின்றது.

பிற்காலத்தும் இம்மரபு தொடர்ந்தது. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகளிற் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்கள் அறக்கட்டளைகளோடு சேர்த்துப் பொறிக்கப்பெற்றுள்ளன. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனாகிய மணவிற் கூத்தன் காலிங்கராயன், நரலோகவீரன் என்னும் பட்டமுடையவன், தில்லையில் நூற்றுக்கால் மண்டபம் முதலிய திருப்பணிகள் பல புரிந்து, மூவர் தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்தான். அவன் வென்ற களங்களின் பெயர்களை இன்று அறிவார் சிலரே. தேவாரத்தைச் செம்பிற் பொறித்துக் காக்க முயன்ற செயலோ சைவர் உள்ளத்தை இன்றும் நெகிழ்விக்கின்றது.

ஈழநாட்டுப் பொலநறுவையில் உள்ள தமிழ்க் கல்வெட்டொன்று இவ்வகையில் தனிச்சிறப்புடையது. 1110-இல் முடிந்த முதலாம் விசயபாகுவின் ஆட்சியைத் தொடர்ந்து, அங்கிருந்த வேளைக்காரப் படையினர், புத்தர்பிரானின் திருப்பல் எழுந்தருளிய பெரும்பள்ளியைத் தம் காவலில் ஏற்று, தாம் அழியினும் அதனைக் காப்பதாக உறுதி கூறிப் பொறித்த கல்வெட்டு அது. பிற சமயத்தார் வழிபடும் இடத்தைத் தமிழ் மறவர் தம் உயிர்கொடுத்துக் காக்க முன்வந்தனர். வாள் பிறர் கோயிலை இடித்த செய்திகளையே அடுக்கிக் காட்டுவோர் இதனையும் அறிதல் நன்று.

உட்பகை

இதுகாறும் கூறியவற்றால், எல்லா நாட்டினும் எல்லாக் காலத்தும் வீரம் இருந்தது என்பதும், அதற்கு வரம்பு கோலிய அறம் இருந்தது என்பதும், அவ்வறம் சிலர் உள்ளத்தில் அருளாகக் கனிந்தது என்பதும் தெளிவாம். சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாய சோழன் அவையில் அமைச்சராய் இருந்தவர். படையும் களமும் அரசியலும் அருகிருந்து கண்டவர். போரை அறியாது பாடிய துறவியல்லர் அவர். அத்தகையவர் தம் காப்பியத்தில் வாதாபி வெற்றியை ஒரு பாட்டில் அடக்கி, அடியார் இலையில் படைத்த அமுதைப் பல பாட்டால் விரித்தார் என்றால், எதனை எதனினும் பெரிதாக அவர் மதித்தார் என்பது சொல்லாமலே விளங்கும்.

இன்று நம்மிற் பெரும்பாலோர் வாளெடுத்துப் போர்க்களம் புகுவாரல்லோம். எல்லையில் நின்று நாட்டைக் காக்கும் வீரர் நம் நன்றிக்கும் வணக்கத்திற்கும் உரியர். அவர் கடமை பரஞ்சோதியார் கடமை போன்றது. நமக்கு உரிய களமோ வேறு. முப்புரம் எரித்தமை மும்மலத்தின் செயலை அழித்தமையே எனத் திருமூலர் உட்பொருள் விரித்தார். ஆணவம் முதலிய அப்பகைகள் வீட்டிலும் அங்காடியிலும் அலுவலகத்திலும் நம்மோடு உடனுறைகின்றன. திருப்பணிக்குப் பொருள் வழங்கும் பொழுதுகூட, "நான் கொடுத்தேன்" என்னும் உருவில் அவை வந்து நிற்றல் உண்டு. யானையும் குதிரையும் கொணர்ந்து குவித்தவர் தமக்குச் சிறுத்தொண்டர் என்னும் பெயரே போதும் என்றிருந்தார். அந்நினைவு ஒன்றே அப்பகையை வெல்லும் படைக்கலம்.

குடமுழுக்கு நீர் கலசத்தினின்று இழியும் இப்புண்ணிய நாளில், நாயன்மார் திருமுன் வலம்வருவோர், படைக்கலத்துடன் நிற்கும் பெருமக்கள் முன் ஒருகணம் நிற்பாராக. கையில் வாள் இருந்தும் அதனை ஓச்சாத ஏனாதிநாதரையும், குத்துண்டு சாயும் பொழுதும் குத்தியவனைக் காத்த மெய்ப்பொருளாரையும், வென்றும் வருந்திய புகழ்ச்சோழரையும் சிந்திப்பாராக. நம் நாவும் சினமும் ஓங்கி எழும்பொழுது எதிரில் நிற்பார் நெற்றியில் வெண்ணீறு ஒன்று விளங்குவதாகப் பாவித்து அவற்றைத் தாழ்த்தும் பயிற்சி நமக்குக் கைகூடுமாயின், இக்குடமுழுக்கு நம் உள்ளத்திலும் நிகழ்ந்ததாகும். அந்நற்பேற்றினை எல்லாம்வல்ல பரம்பொருள் அன்பர் அனைவர்க்கும் அருள்வதாகுக.

திருச்சிற்றம்பலம்